பிள்ளை விஷயமாக போலீஸ் ஸ்டேஷன் போக நேர்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குள் போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான். ஏதோ குற்றம் செய்ததாகப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். அல்லது அந்தப் பிள்ளைக்கு யாரோ இழைத்த கொடுமையைச் சொல்ல அப்பா அம்மா கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். முதல் வகைக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இரண்டுமே போலீஸுக்குச் சொல்வது கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான்: பெரியவர்களை விசாரிக்கிற மாதிரி பிள்ளையை விசாரிக்காதே, ராத்திரி ஸ்டேஷனில் வைக்காதே. ஆனால் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு இது தெரிய வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். முதல் நாளே தெரிந்திருந்தால் எவ்வளவோ மாறும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

என் பையனை போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷனில் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

வயதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பையன் 18 வயதுக்குக் குறைந்தவன் என்று தெரிந்த நொடியிலிருந்து அவனுக்குப் பொருந்தும் சட்டமே வேறு.

வாயால் சொன்னால் மட்டும் போதாது, காகிதம் வேண்டும். பள்ளி கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குத்தான் சட்டம் முதலிடம் தருகிறது. அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆதாரில் பிறந்த ஆண்டு தப்பாக இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

போலீஸ் எழுதும் ஆவணத்தில் பையனின் வயது என்னவென்று எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதினேழரை வயதுப் பையனுக்கு ‘வயது 19’ என்று எழுதிவிட்டால், அவன் நேராகப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் போய்விடுவான். ஒரே ஒரு எண்தான், ஆனால் அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பத்தாவது மார்க் ஷீட்டின் படம் உங்கள் போனில் இருந்தால் அப்போதே காட்டுங்கள். அப்படியும் தப்பு நடந்துவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டாம். குற்றம் நடந்த நாளில் 18 நிரம்பவில்லை என்ற வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட, எழுப்பலாம்.

லாக்கப்பில் வைப்பார்களா?

வைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. எவ்வளவு பெரிய குற்றமாக இருந்தாலும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்று சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. விலங்கு மாட்டக் கூடாது, சங்கிலியும் கூடாது.

பிடித்த பிள்ளையை ஸ்டேஷனில் இருக்கும் குழந்தை நலக் காவல் அலுவலரிடமோ மாவட்டத்தின் சிறப்பு சிறார் காவல் பிரிவிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். குறைந்தது உதவி சார்பு ஆய்வாளர் பதவியில் இருப்பவராக இருக்க வேண்டும். “இந்த ஸ்டேஷனில் குழந்தை நல அலுவலர் யாருங்க சார்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பேசும் தொனி பல இடங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே மாறிவிடுகிறது.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது இந்தக் குழுமம். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். “இன்றைக்குக் குழுமம் உட்காரவில்லை, திங்கட்கிழமைதான்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அமர்வு இல்லாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஜாமீனில் விடவில்லை என்றால் ராத்திரி பிள்ளை இருக்க வேண்டிய இடம் கூர்நோக்கு இல்லம், அதாவது விசாரணை முடியும்வரை சிறாரைத் தங்கவைக்கும் இல்லம். ஸ்டேஷன் பெஞ்ச் இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் வாழ்க்கையே போய்விடுமே?

பெரும்பாலான வழக்குகளில் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. இது பல போலீஸ்காரர்களுக்கே தெரியாமல் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிறார் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் கொடிய குற்றம். நடுவில் வருபவை கடுமையான குற்றங்கள். நம் ஊர்களில் பையன்கள் அதிகம் மாட்டும் செல்போன் பறிப்பு சிறு குற்றத்தில்தான் வரும். வழிப்பறிக்கு அதிகபட்சம் பத்து ஆண்டு வரை தண்டனை இருந்தாலும், குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் அதுவும் கொடிய குற்றம் ஆகாது.

கொடிய குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் என்றாலோதான் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்கின்றன. மற்ற எல்லாவற்றிலும் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிவு செய்துவிட்டு, பிள்ளையின் குடும்பச் சூழல், படிப்பு பற்றிய சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்குத் தெரிவித்தால் போதும். பிடித்து வைக்கும் அதிகாரமும் அப்படித்தான். பிள்ளையின் நன்மைக்குத் தேவை என்றால் ஒழிய, கொடிய குற்றம் இல்லாதவற்றில் பிடிக்கவே தேவையில்லை. பெற்றோரிடம் விசாரணைத் தேதியைச் சொல்லி வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த விதி காகிதத்தோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கல்பட்டு உதாரணம். பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் அங்கிருந்த அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 2022 டிசம்பர் இறுதியில் இறந்துபோனான். அடித்ததாக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகுதான் இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. பேட்டரித் திருட்டு எந்தக் கணக்கிலும் கொடிய குற்றம் இல்லை.

கைது இல்லை, சும்மா விசாரிக்கத்தான் என்று தினமும் வரச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் 15 வயதுக்குக் குறைந்த சிறுவனையும், எந்த வயதுப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். சந்தேகத்துக்கு உள்ளானவன் என்றால் சிறார் நீதி நடைமுறை முழுவதும் பொருந்தும். ‘சும்மா விசாரணை’ என்று ஒரு வகை சட்டத்தில் கிடையாது. எழுத்து மூலம் சம்மன் கேளுங்கள். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

விசாரிக்கும்போது நாங்கள் கூட இருக்கலாமா? வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால்?

கூட இருக்கலாம். விசாரிக்கிற அலுவலர் மஃப்டியில் இருக்க வேண்டும். ஸ்டேஷன் போலத் தோன்றாத, குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பேச வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

கையெழுத்து விஷயத்தில் விதி ரொம்பத் தெளிவு. பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. வெள்ளைத்தாள் மட்டுமல்ல, எழுதிய தாளிலும் கூடாது.

அடித்திருந்தால் குழுமத்தின் முன் போன முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். “அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்” என்று விட்டால் காயம் ஆறிவிடும், பதிவும் இருக்காது. போலீஸ் வெளியில் நிற்கும்போது குழும உறுப்பினரிடம் பேசவேண்டும் என்று பிள்ளை கேட்கலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

பணம் தேவையில்லை. இலவச வழக்கறிஞரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும். சிறாருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஜாமீன் கிடைக்குமா?

சிறாருக்கு ஜாமீன்தான் வழக்கம், மறுப்புதான் விதிவிலக்கு. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று மற்றச் சட்டங்கள் சொன்னாலும் இங்கே அது செல்லாது. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். மூன்று காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம். வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு இருந்தால், பிள்ளைக்கே உடல், மன, ஒழுக்க ரீதியாக ஆபத்து இருந்தால், நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்றால். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையைக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை தயாரிப்பார். அவரைப் போலீஸ் மாதிரி நினைத்துப் பயந்து எதையும் மறைக்காதீர்கள். பையன் பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சுற்றினான், வீட்டில் குடி இருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். குழுமம் முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த அறிக்கையை வைத்துத்தான்.

பதினாறு வயதுக்கு மேல் என்றால் பெரியவர்களைப் போல விசாரிப்பார்களாமே?

எல்லா வழக்கிலும் இல்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015 சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. குற்றம் நடந்தபோது 16 நிரம்பியிருக்க வேண்டும், குற்றம் கொடியதாக இருக்க வேண்டும். அப்போதும் தானாக நடக்காது. அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் வளர்ச்சி இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் பூர்வாங்க மதிப்பீடு செய்யும். பிறகு குழந்தைகள் நீதிமன்றமும் மறுபடி யோசித்து முடிவெடுக்கும். பெரியவராகவே விசாரித்தாலும் தூக்கு கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கும் அனுப்ப முடியாது. மனநல நிபுணரின் உதவி இல்லாமல், பையனிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு மதிப்பீடு முடித்தால் உங்கள் வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் அடுத்த பத்து இருபது வருடம் அதில் இருக்கிறது.

ஏரியாவில் ஒருவன் கஞ்சா பொட்டலத்தைப் பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். மாட்டியது பையன் மட்டும்.

கொடுத்தனுப்பியவனைப் பற்றிய தகவலை எழுத்தில் கொடுங்கள். போதைப்பொருளைக் கடத்தவோ விற்கவோ பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கஞ்சா ஒரு கிலோவுக்குள் என்றால் பையன் மீதுள்ளது சிறு குற்றம். அனுப்பியவன் செய்ததுதான் பெரிய குற்றம். பயமாக இருந்தால் குழுமத்திடமோ, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிடமோ நேரில் சொல்லலாம்.

கடைசியில் என்ன தண்டனை? வேலைக்குப் போகும்போது பிரச்சினை வருமா?

சாதாரணமாகக் கண்டித்து அனுப்புவது, ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு. அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம், அதாவது குற்றம் செய்ததாக முடிவான சிறாரைத் தங்கவைக்கும் இல்லம். சிறு குற்ற விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அப்போதும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும்.

சிறாராக இருந்தபோது நடந்தது பிற்காலத்தில் எந்தத் தகுதியையும் பறிக்காது என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. கொடிய குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விலக்கு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு பதிவுகளை அழிக்க வேண்டும். அழித்தார்களா என்று நீங்கள்தான் மனுப்போட்டுக் கேட்க வேண்டும்.

இனி, கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பக்கம்.

என் மகள் தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டாள். கை கால் ஓடவில்லை. என்ன செய்வது?

முதலில், நம்புங்கள். “ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று கேட்காதீர்கள். நோண்டி நோண்டிக் கேட்கவும் வேண்டாம். சொன்னது போதும். சொன்ன தேதி, நேரம், அவள் பயன்படுத்திய அதே வார்த்தைகள், இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உறவினர் ஒவ்வொருவர் முன்பும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை அதை மறுபடி அனுபவிக்கிறது. பின்னாளில் சொன்னவற்றில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

சமீபத்தில் நடந்தது என்றால் அப்போது போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நான்கு நாட்களுக்குள் என்றால் மருத்துவமனையில் தடயம் எடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே குளித்துவிட்டாள், துணியைத் துவைத்தாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பையன்களுக்கும் இது அப்படியே பொருந்தும். போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. பையனுக்கு நடந்தால் வீட்டில் மூடி மறைப்பது இன்னும் அதிகம். அந்தப் பிள்ளைக்கும் வலி அதேதான்.

எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? புகார் வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் ‘எங்கள் எல்லை இல்லை’ என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவானாலும் பதிவு செய்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். போக்சோ குற்றத்தில் ‘விசாரித்துவிட்டுப் போடுகிறோம்’ என்பதற்கு இடமில்லை. தகவல் வந்தவுடன் பதிவு செய்ய வேண்டும், உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும், போக்சோ வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்ய மறுப்பதே 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை தண்டனைக்குரிய குற்றம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

பிள்ளையிடம் போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும்?

பிள்ளை ஸ்டேஷனுக்கு வரவே தேவையில்லை. வீட்டிலோ, அது விரும்புகிற வேறு இடத்திலோ வாங்கலாம். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடை இல்லாமல். அம்மாவோ அப்பாவோ பிள்ளை நம்பும் வேறு யாராவதோ பக்கத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணிலேயே படக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. காது கேளாத பிள்ளை, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் சிறப்பு ஆசிரியரையோ சைகை தெரிந்தவரையோ கூப்பிட வேண்டும்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வரிவரியாகக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை “அந்த மாமா பிஸ்கட் தரேன்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போச்சு, டிவி சத்தமா வெச்சுச்சு” என்று சொல்லியிருக்கும். தாளில் ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்று தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று இருக்கும். மாடியும் டிவியும் காணாமல் போயிருக்கும். வழக்கு நிற்பது அந்த மாடியிலும் டிவி சத்தத்திலும்தான். பக்கத்து வீட்டில் அந்த நேரத்தில் டிவி அலறியதைக் கேட்ட சாட்சி கிடைக்கலாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது சட்டம். மாற்றி எழுதியிருந்தால் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் ஒலி, ஒளிப்பதிவும் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிறகு நடுவர் முன்னால் ஒரு வாக்குமூலம். ‘164 ஸ்டேட்மென்ட்’ என்று இன்னும் எல்லோரும் சொல்வது இதைத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 164ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 183ஆவது பிரிவு. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் இருக்க மாட்டார்.

மருத்துவமனையில் போலீஸ் கடிதம் இல்லாமல் பார்க்க மாட்டோம் என்கிறார்கள்.

அப்படிச் சொல்லக் கூடாது. அவசர சிகிச்சைக்கு முன்னால் எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. தனியார் மருத்துவமனையும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதியாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். இரு விரல் பரிசோதனையை யாரும் செய்யக் கூடாது. அப்படிச் செய்வது முறைகேடான நடத்தை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பள்ளி நிர்வாகம் ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பேர் கெட்டுவிடும்’ என்கிறது.

பார்த்துக்கொள்ளும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. தெரிந்த யாரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியரோ மருத்துவரோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை தண்டனை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓர் ஆண்டு வரை, அபராதமும் சேர்த்து. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. சொல்லவில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கவும் முடியாது.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். செய்தவர் சொந்த மாமா.

போக்சோ வழக்கைச் சமரசமாக முடிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. கட்டப் பஞ்சாயத்தில் வாங்கும் பணமோ, ‘அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்’ என்ற பேச்சோ இன்னொரு குற்றமாகத்தான் முடியும். குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருப்பவர் என்றால் போலீஸ் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்பதைக் குழு முடிவு செய்யும். பாட்டி வீடாக இருக்கலாம், சித்தி வீடாக இருக்கலாம். ‘ஹோமில் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்து பல அம்மாக்கள் வாய் திறப்பதில்லை. உறவினர் வீடு பாதுகாப்பாக இருந்தால் அதையே கேளுங்கள்.

கோர்ட்டில் பிள்ளை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமா?

இல்லை. மூடிய அறையில் விசாரணை நடக்கும். திரை வைத்தோ காணொளி வழியாகவோ, குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அடிக்கடி இடைவேளை கேட்கலாம். பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஓர் ஆண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இது தள்ளிப்போகிறது. தள்ளிப்போகப் போகப் பிள்ளை மறக்க நினைப்பதை நாம் பிடித்து நிறுத்தி வைக்கிறோம். தேதி கேட்டு வாய்தா வாங்குவது எதிர்த்தரப்பு என்றால் நீதிபதியிடம் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழு மூலம் ஓர் உதவி நபரைக் கேட்டு வாங்குங்கள். முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை கூடவே வருவார்.

காதல் விவகாரம். பெண்ணுக்கு 17, பையனுக்கு 17. இருவர் வீட்டிலும் சண்டை.

18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே புகார் வந்தால் வழக்கு வரும். பையனுக்கும் 18 ஆகவில்லை என்பதால் அவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். பெண்ணுக்குப் போக்சோவின் பாதுகாப்புகள் எல்லாம் உண்டு, பையனுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் பாதுகாப்புகள் எல்லாம் உண்டு. இரண்டு பேரும் பிள்ளைகள்தான். இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைமை சுற்றறிக்கையே அனுப்பியது. சாதிக் கோபத்தில், மானம் போனதென்ற கோபத்தில் போக்சோவைக் கையில் எடுக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம், கோர்ட் என்று அலையப்போவது உங்கள் மகள்தான்.

வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதாரமாக எல்லோருக்கும் அனுப்பலாமா?

ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் பாலியல் காட்சியை அனுப்புவது தனிக் குற்றம். வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போலீஸிடம் போனைக் காட்டிப் புகார் கொடுங்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு, அப்பா பெயர் என்று அடையாளம் காட்டும் எதையும் யாரும் வெளியிடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளத்துக்கும் இதே பாதுகாப்புதான்.

பாலியல் இல்லை. வீட்டில் கண்மூடித்தனமாக அடிக்கிறார்கள், சூடு வைக்கிறார்கள். இதற்கு வழக்கு உண்டா?

உண்டு. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை. காப்பக ஊழியர் செய்தால் ஐந்து ஆண்டு வரை. ‘பெற்றவன் அடிக்கிறான், நமக்கென்ன’ என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் போட்டால் போதும்.

பண உதவி கிடைக்குமா?

எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். தண்டனை ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாப்பாடு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு தனியாகப் பரிந்துரைக்கலாம். ஒரு வாரத்தில் அந்தத் தொகை வர வேண்டும். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், மனுப்போடுங்கள்.

ராத்திரி பதினோரு மணி. யாரைக் கூப்பிடுவது?

1098, குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பிள்ளையே கூப்பிட்டுப் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பேசும்போது இடத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். யாரும் வரவில்லை என்றால் காலையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய் அந்த நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.